பருத்திக் கையுறை யாருக்காக?

அருங்காட்சியக வேலை என்றதும் பலருக்கு வெள்ளைப் பருத்திக் கையுறைதான் கண்ணில் நிற்கும். அது கையைக் காப்பாற்றப் போடுவதல்ல. கைவியர்வை பட்டு வெண்கலமும் வெள்ளியும் கறுத்துவிடக் கூடாது என்பதற்காகப் போடுவது. இந்தத் தொழிலின் பழக்கங்கள் பெரும்பாலும் இப்படி, மனிதரிடமிருந்து பொருளைக் காப்பதற்கென்றே வளர்ந்தவை. பொருளிடமிருந்து மனிதரைக் காப்பதற்குத் தனியாக ஒரு பாதுகாப்புக் கோப்பு போட்டு, அலுவலக அலமாரியில் வைத்துவிடுகிறோம். கிடங்கில் இழுப்பறையைத் திறப்பவர் அந்தக் கோப்பைப் பார்ப்பதேயில்லை. அவர் பார்ப்பது பொருள் வந்து சேர்ந்ததைப் பதியும் சேர்க்கைப் பதிவேட்டையும் பொருளில் கட்டியிருக்கும் சீட்டையும்தான். ஆபத்தையும் அங்கேயே எழுத வேண்டும், எடைக்கும் அளவுக்கும் பக்கத்திலேயே.

பாடம் செய்த விலங்குகளிலிருந்து தொடங்கலாம். 18ஆம் நூற்றாண்டில் பிரான்சில் பெக்கர் என்பவர் உருவாக்கிய ஆர்சனிக் சோப்பைத் தோலின் உட்புறம் பூசினால் பூச்சி அண்டாது. நம் ஊர்ப் பேச்சில் பாஷாணம் என்கிறோமே, அதே சரக்கு. 20ஆம் நூற்றாண்டிலும் வெகுகாலம் அது புழக்கத்தில் இருந்தது. கண்ணோரம், காதின் அடி, வயிற்றுத் தையல், பாதம் பலகையைத் தொடும் இடம் ஆகியவற்றில் வெள்ளைத் தூளோ பொடிப் படிகமோ தெரிந்தால் அதுவாக இருக்கக்கூடும். தெரியவில்லை என்பதால் இல்லை என்று ஆகிவிடாது. எக்ஸ்கதிர் பாய்ச்சி உள்ளிருக்கும் தனிமங்களைக் கண்டறியும் கையடக்க எக்ஸ்ஆர்எஃப் கருவி இருந்தால் சில நிமிடங்களில் சொல்லிவிடும். கருவி இல்லையென்றால், பழைய தோல், இறகு எல்லாவற்றிலும் ஆர்சனிக் இருக்கிறது என்றே வைத்துக்கொண்டு வேலை செய்வதுதான் சரி.

இங்கே பருத்திக் கையுறை கெடுதலே செய்யும். தூள் இழைகளில் ஏறிக்கொள்ளும், அதே கையால் மூக்கைத் துடைப்போம். நைட்ரைல் என்ற செயற்கை ரப்பர் கையுறை போடுங்கள், உள்பக்கம் வெளியே வரும்படி உரித்து எறியுங்கள். விலங்கின் உடலைப் பிடிக்காமல் அடிப்பலகையைப் பிடித்துத் தூக்குங்கள். மேசையில் விரித்த காகிதத்தை வேலை முடிந்ததும் உள்நோக்கி மடித்து, அபாயக் கழிவில் சேருங்கள். தூசி எடுக்கச் சாதாரண வேக்குவம் கிளீனர் ஆகாது. முன்னால் உறிஞ்சிய நுண்தூளைப் பின்னால் அறை முழுக்க ஊதிவிடும். நுண்தூளையும் பிடித்துவைக்கும் ஹெப்பா வடிகட்டி உள்ள, உறிஞ்சும் வேகத்தைக் குறைக்கக்கூடிய கருவி வேண்டும். மென்தூரிகையால் தூசியை அதன் வாய்ப்பக்கம் தள்ளிவிட வேண்டும். முகக்கவசமும் துணிமாஸ்க் அல்ல, நுண்தூள் தடுக்கும் சுவாசக் கவசம். கடைசியில் சோப்புப் போட்டுத் தண்ணீரில் கை கழுவுங்கள். சானிடைசர் கிருமியைக் கொல்லும், ஆர்சனிக்கைக் கையிலேயே விட்டுவைக்கும்.

ஜாடிகளில் மிதக்கும் உயிரினங்களுக்கு வேறு கணக்கு. 70 சதவீத எத்தனால் சுமார் 17 டிகிரி செல்சியஸிலேயே தீப்பற்றக்கூடிய ஆவியை விடும். அதாவது சாதாரண அறை வெப்பமே அதற்குப் போதும். மூடி சரியாக இல்லாத ஜாடியில் தண்ணீரை முந்திக்கொண்டு ஆல்கஹால் ஆவியாகிறது. மட்டம் குறைந்ததைப் பார்த்து 70 சதவீதக் கரைசலையே ஊற்றி நிரப்பினால் ஜாடி முழுவதும் நீர்த்துத்தான் இருக்கும். அடர்த்திமானியால் அளந்துவிட்டு ஊற்றுங்கள். பழைய சீட்டை நம்ப வேண்டாம். ‘ஸ்பிரிட்’, அதாவது ஆல்கஹால், என்று எழுதிய ஜாடிக்குள் ஃபார்மால்டிஹைடு கரைசலான ஃபார்மலின் இருக்கலாம். 10 சதவீத ஃபார்மலின் என்பது ஏறக்குறைய 4 சதவீத ஃபார்மால்டிஹைடு. அது மனிதருக்குப் புற்றுநோய் தருவது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004இல் வகைப்படுத்தியது. சற்று நேரத்தில் மூக்குக்குப் பழகிவிடும் என்பதால் நெடி போய்விட்டதே என்று ஏமாறக் கூடாது. இறுகிய கண்ணாடி மூடியை ஸ்க்ரூடிரைவரால் நெம்பாதீர்கள். புகை உறிஞ்சும் மேசைக்குக் கொண்டுபோய், விளிம்பின் பிசினை இளக்கித் திறக்க வேண்டும்.

இவை எல்லாவற்றையும்விட நான் அஞ்சுவது செல்லுலோஸ் நைட்ரேட்டால் செய்த பழைய நைட்ரேட் ஃபிலிமுக்குத்தான். கோடாக் 1951 வாக்கில் இதன் தயாரிப்பை நிறுத்தியது. அதற்கு முந்தைய சினிமாச் சுருள், நெகட்டிவ், எக்ஸ்ரே எதுவானாலும் சந்தேகப்பட வேண்டும். சிதைவு படிப்படியாக நடக்கும்: பழுப்புக் கறை, பிசுபிசுப்பு, கொப்புளமும் நுரையும், ஒரே கட்டியாக இறுகுதல், கடைசியில் பழுப்புத் தூள். கூடவே காட்டமான அமில நெடி. நன்றாகச் சிதைந்த சுருள், வெப்பம் நீடித்தால் 41 டிகிரியிலேயே தானாகப் பற்றக்கூடும். பற்றினால் அணையாது. எரிவதற்கு வேண்டிய ஆக்சிஜன் அதற்குள்ளேயே இருக்கிறது, தண்ணீருக்கடியிலும் எரியும். காற்றைத் தடுத்து அணைக்கும் கருவியால் பயனில்லை. புகையில் நைட்ரஜன் டைஆக்சைடு என்ற நச்சு வாயு வேறு. 1978இல் அமெரிக்காவில் மே மாதம் ஜார்ஜ் ஈஸ்ட்மன் ஹவுஸ் என்ற புகைப்பட, திரைப்பட அருங்காட்சியகத்திலும் டிசம்பரில் தேசிய ஆவணக் காப்பகத்தின் பெட்டகங்களிலும் நைட்ரேட் ஃபிலிம் எரிந்தது. காற்றுப் புகாத டப்பாவில் அடைப்பது பாதுகாப்பு என்று தோன்றும், ஆனால் வெளியேற வழியில்லாத வாயு சிதைவை இன்னும் முடுக்கும். காற்றோட்டமுள்ள டப்பா, குளிர்ந்த தனி அறை, தீயணைப்புத் துறைக்கு முன்கூட்டியே தகவல், இந்த மூன்றும் வேண்டும்.

யுரேனியக் கனிமங்கள் இருக்கும் இழுப்பறையில் ரேடான் என்ற கதிரியக்க வாயு தேங்கும். திறந்தவுடன் தலையை உள்ளே விடாமல் அறையைக் காற்றோட்டமாக விட்டுவிட்டுப் பிறகு வேலை பாருங்கள். பழைய விமானக் கடிகார முகப்பு இப்போது ஒளிராமல் இருக்கலாம். மங்கியது பூச்சில் ஒளிரும் துத்தநாக சல்ஃபைடுதான், அதோடு கலந்த கதிரியக்க ரேடியம் அப்படியே இருக்கும், அதன் அரை ஆயுள் 1600 ஆண்டு. இரண்டாம் உலகப் போர்க்கால வாயுமுகமூடிகள் பலவற்றின் வடிகட்டியில் அஸ்பெஸ்டாஸ் உண்டு. குழந்தைகளுக்கு மாட்டிப் பார்க்கக் கொடுக்கும் வழக்கம் இருந்தால் இன்றே நிறுத்துங்கள்.

இத்தனையும் சொன்னாலும், ஆளை ஆஸ்பத்திரிக்கு அனுப்புவது பெரும்பாலும் வழுக்கலும் ஏணியும் கனமும்தான். ஒரு கருங்கல் தலைச்சிற்பம்: 30 செ.மீ. அகலம், 30 செ.மீ. ஆழம், 40 செ.மீ. உயரம். பார்க்கச் சின்னது, ‘நானே தூக்கிடுறேன்’ என்பார்கள். அந்தப் பெட்டி அளவில் அறுபது சதவீதம் கல் என்று வைத்தாலும், கன மீட்டருக்கு 2,700 கிலோ என்ற கணக்கில் ஏறக்குறைய 58 கிலோ. எல்லாம் சாதகமாக இருக்கும்போது ஒருவர் தூக்க 23 கிலோ என்பது அமெரிக்காவின் பணிப் பாதுகாப்பு ஆய்வு அமைப்பான நியோஷின் வரம்பு. பதிவேட்டில் எடை இல்லாவிட்டால் இப்படித் தோராயமாகவாவது போட்டு எழுதிவைக்க வேண்டும். தூக்குவதற்கு முன் வெறுங்கையோடு ஒருமுறை வழி நடந்து பாருங்கள். கதவு அகலத்தை அளங்கள், இறக்கும் மேசையைக் காலி செய்யுங்கள். குரல் கொடுப்பவர் ஒருவராகவே இருக்கட்டும்.

பொருள் நழுவினால் அருங்காட்சியக ஊழியரின் கை தானாக நீளும். பயிற்சியே அப்படி. 58 கிலோ கல்லைப் பிடிக்கப் போனால் விரல் போகும், முதுகு போகும். ‘நழுவினால் விட்டுவிடு, விலகி நில்’ என்பதை இயக்குநரே கையெழுத்திட்டு எழுத்தில் தர வேண்டும். உடைந்ததற்கு விளக்கக் கடிதம் கேட்கும் நிர்வாகத்தில் யாரும் கையை எடுக்க மாட்டார்கள்.

சாய்த்து வைக்கும் ஏணியின் அடி, நாலடி உயரத்துக்கு ஓரடி வீதம் சுவரிலிருந்து விலகி நிற்க வேண்டும். காட்சிக்கூடத்தில் அந்த விலகல் கிடைப்பதில்லை, பீடமும் கண்ணாடிப் பெட்டியும் நடுவில் நிற்கும். ஊழியர் பக்கவாட்டில் எட்டிச் சாய்ந்து பல்பு மாற்றுவார், விழுவார். இதை ஏணிப் பயிற்சி தீர்க்காது. விளக்கைத் தரையில் நின்றே மாற்றும்படி பெட்டியை வடிவமைப்பதுதான் தீர்வு. துணி, நீர்வண்ண ஓவியக் கூடங்களில் 50 லக்ஸ் அளவுள்ள மங்கலான வெளிச்சத்தில் ஒற்றைப் படி கண்ணுக்குத் தெரியாது. விளிம்பில் மாறுபட்ட நிறப் பட்டை ஒட்டுங்கள். தரை துடைக்கும் வேலையை வெயிலில் இருந்து வரும் பார்வையாளர்கள் நுழைவதற்கு முன்பே முடித்துவிடுங்கள், அதற்குத் தனி வேலை விளக்கு கொடுத்து.

கிடங்கில் கார்பன் டைஆக்சைடு தீயணைப்பு அமைப்பு இருந்தால், உள்ளே ஆள் இருக்கும்வரை அதைப் பூட்டிட்டு நிறுத்தி வைக்க வேண்டும். அது தீயை அணைக்கத் தேவைப்படும் செறிவு 30 சதவீதத்துக்கும் மேல், மனிதர் 10 சதவீதத்திலேயே மயங்கி விழுவார். ஆள் வேலை செய்யும் அறைக்கு இந்த வாயுவே வேண்டாம் என்பேன். பூச்சி கொல்ல நைட்ரஜன் பயன்படுத்தும் சிறு அறையிலும் இதே கவலைதான். காற்றில் ஆக்சிஜன் 19.5 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால் அலறும் மானி சுவரில் இருக்க வேண்டும்.

மீண்டும் சீட்டுக்கு வருவோம். அதில் நான்கு விஷயம் போதும்: என்ன ஆபத்து, சோதித்ததா அனுமானமா, தேதி, எதைப் போட்டுக்கொண்டு தொட வேண்டும். சோதிக்காததை ‘சோதிக்கவில்லை’ என்றே எழுதுங்கள். கட்டத்தைக் காலியாக விட்டால் படிப்பவர் ஆபத்தில்லை என்றே எடுத்துக்கொள்வார். வேறு அருங்காட்சியகத்துக்கு இரவல் போகும்போது அதே வரி இரவல் படிவத்திலும் ஏற வேண்டும். காப்பாட்சியருக்குப் புலியின் தோலில் என்ன இருக்கிறது என்று பெரும்பாலும் தெரியும். அதிகாலையில் தூசி தட்டும் ஒப்பந்தத் துப்புரவுப் பணியாளருக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். சீட்டை அவர் படிக்கும் மொழியில், அவர் கண் படும் உயரத்தில் ஒட்டுங்கள்.