டிஸ்சார்ஜ் எப்போது என்று கேட்டுக்கொண்டே இருந்தேன்

தென்னையிலிருந்து விழுந்ததில் என் வீட்டுக்காரருக்கு முதுகெலும்பில் டி12 என்கிற எலும்பு நொறுங்கித் தண்டுவடம் நசுங்கிவிட்டது. ராடு, ஸ்க்ரூ வைத்து ஆபரேஷன் முடிந்ததிலிருந்து "எப்போ வீட்டுக்குப் போகலாம்?" என்று பார்க்கிற டாக்டரையெல்லாம் கேட்டேன். யாரும் தேதி சொல்லவில்லை.

எங்களை இழுத்தடித்தது பெட் சோர், அதாவது படுக்கைப் புண்தான். ஆபரேஷன் செய்த ஆஸ்பத்திரியில், இரண்டு மணி நேரத்துக்கொரு முறை புரட்டிப் படுக்க வைக்கணும் என்று யாரும் சொல்லவில்லை. இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லாததால் அவருக்கும் வலி தெரியவில்லை. வால் எலும்புக்கு மேலே முதலில் சிவப்பாக ஒரு தடம். அப்புறம் தோல் கறுத்து, பஞ்சு உள்ளே போகிற அளவுக்குக் குழி. அதோடுதான் வேலூர் பாகாயத்தில் சி.எம்.சி. மறுவாழ்வு மையத்துக்குப் போனோம். 1966இல் அதைத் தொடங்கிய டாக்டர் மேரி வர்கீஸே விபத்தில் கால்கள் செயலிழந்து வீல்சேரில் இருந்தவராம். புண் ஆறும்வரை உட்காரக் கூடாது என்றார்கள். உட்காராமல் வீல்சேர் பயிற்சி ஏது?

பக்கத்துப் படுக்கைத் தம்பிக்கும் கிட்டத்தட்ட அதே இடத்தில்தான் அடி. ஆனால் கால் விரலில் கொஞ்சம் அசைவு இருந்தது, புண்ணும் இல்லை. எங்களுக்குப் பின்னால் வந்து முன்னால் கிளம்பிவிட்டான். கழுத்தில் அடிபட்ட ஒரு பெரியவருக்கோ இருமிச் சளியை வெளியேற்றவே தெம்பில்லை. நிமோனியா வந்து திரும்ப ஐ.சி.யூ. போனார்.

அடுத்தது யூரின். ட்யூப் எப்போதும் உள்ளேயே இருந்தால் தொற்று வரும் என்று, நாலு முதல் ஆறு மணி நேரத்துக்கொரு முறை என் வீட்டுக்காரரே அந்த ட்யூபை (கதீட்டர்) விட்டு யூரினை எடுக்கப் பழக்கினார்கள். குடித்த தண்ணீர், வந்த யூரின் எல்லாம் நோட்டில் எழுதணும். நடுவில் ஒரு குளிர்காய்ச்சல், கிருமி பார்க்க கல்ச்சர் டெஸ்ட், ஊசி. பயிற்சி மறுபடி நின்றது.

கடைசியில் வீட்டுக் கதவு. வீல்சேர் 26 அங்குலம், கக்கூஸ் கதவு 24. வாசலில் மூன்று படி வேறு. ஒன்றரை அடி உயரம் ஏற 18 அடி நீளத்துக்குச் சாய்தளம் வேணும் என்றதும் "லாரியா ஏறப்போவுது?" என்றார் மாமியார். பணம் புரட்டி மேஸ்திரியைப் பிடித்து, அந்த வேலை முடிந்த பிறகுதான் டிஸ்சார்ஜ்.

இப்போது உட்கார்ந்திருக்கையில் புண் வராமலிருக்க அரைமணிக்கொரு தடவை கையூன்றி இடுப்பைத் தூக்கிக்கொள்கிறார். தினம் ராத்திரி டார்ச் அடித்துத் தோலைப் பார்ப்பது என் வேலை. அடுத்த மாதம் கிட்னி ஸ்கேனுக்கு வேலூர் போகணும்.