நவம்பர் குறிப்புகள்

நவம்பர் 3
ஆசிரியர் பயிற்சி இரண்டாமாண்டுப் பிள்ளைகள் கற்பித்தல் பயிற்சிக்குப் பள்ளிகளுக்குப் போய்விட்டார்கள். வகுப்பு வெறிச்சென்று கிடக்கிறது. கிளம்பும்போதும் அதே கேள்விதான்: "மேம், நோட்டுல என்ன எழுதணும்? ஒரு மாதிரி குடுங்களேன்." கொடுக்கவில்லை. எது புரியவில்லையோ அதை எழுதுங்கள் என்றேன். முகம் வாடிவிட்டது.

நவம்பர் 4
என் இடமாறுதல் ஆணை வரவில்லை.

நவம்பர் 6
நோட்டுகள் வந்தன. "மாணவர்கள் ஆர்வமுடன் கற்றனர்." எல்லாவற்றிலும் இதே வரி. திணறிய பிள்ளை ஒன்றுகூடவா இல்லை? படிக்கப் படிக்கக் கோபம்தான் வந்தது.

நவம்பர் 10
மலைப்பள்ளி. ஈராசிரியர் பள்ளி, ஒருவர் கூட்டத்துக்குப் போய்விட்டார். இரண்டாம் வகுப்புப் பையன் ஒருவன் "கொக்கு" என்பதை "கெ... ஆ... க்கு" என்று படித்தான். அங்கே பயிற்சிக்குப் போயிருக்கும் நம் பெண் திருத்தினாள். மறுபடி அதேதான். என்னைப் பார்த்தாள். நான் வாயைத் திறக்கவில்லை, சிரமமாகத்தான் இருந்தது. ஜூனில் அவள் தனியாக வகுப்பெடுக்கும்போது பக்கத்தில் நான் நிற்கப் போவதில்லையே.

சாயங்காலம் எழுதியிருந்தாள்: "கெ தெரிகிறது. கா தெரிகிறது. கொம்பையும் காலையும் பிரித்துப் படிக்கிறான். நாளை இரண்டையும் ஒரே நிறத்தில் எழுதிப் பார்க்கிறேன்."

அரசின் எண்ணும் எழுத்தும் திட்டப் பதிவில் அவன் அரும்பு, அதாவது முதல் நிலை. அரும்புக்குள் எங்கே சிக்கிக்கொண்டான் என்று பதிவு சொல்லாது. அவள் கண்டுபிடித்துவிட்டாள்!

நவம்பர் 11
மழை. பள்ளி விடுமுறை. அந்தப் பையன் நினைப்பாகவே இருக்கிறது.

நவம்பர் 13
பணியில் இருக்கும் ஆசிரியர்களுக்கும் தகுதித் தேர்வு வேண்டும் என்ற 2025 செப்டம்பர் உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு, அவர்கள் கையிலும் தேர்வு வழிகாட்டி. முதல் தாளில் 150 வினா. குழந்தை வளர்ச்சிக்கு மட்டும் 30. படிக்கட்டும், வேலை நிலைக்க வேண்டும். ஆனால் கொக்கில் சிக்கிய பையனுக்கு, தேர்ந்தெடுக்க நான்கு விடைகள் யாரும் அச்சடித்துத் தர மாட்டார்கள். "பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் கூடிப் பேசும் குறுவள மையக் கூட்டம் இருக்கே" என்றார் சக விரிவுரையாளர். தேசியக் கல்விக் கொள்கையும் ஆசிரியர்களுக்கு வருடத்துக்கு 50 மணி நேரப் பயிற்சி என்கிறது. சரி, கூட்டம் நடக்காத நாளில்? பையன் தினமும்தானே வருகிறான்.

நவம்பர் 14
பஸ் நிறுத்தத்திலிருந்து போன் செய்தாள். கொக்கு, கொடி, கொய்யா படிக்கிறான். கோழியில் நின்றுவிட்டான். ஏன் என்று ஆரம்பித்தேன். "இருங்க மேம், நானே பாத்துட்டுச் சொல்றேன்."

மனம் நிறைந்துவிட்டது.

நவம்பர் 17
ஆணை வந்துவிட்டது. இந்த வாரமே புது இடத்தில் சேர வேண்டும். நோட்டுகளை இனி யார் படிப்பது? இரண்டிரண்டு பேராக மாற்றிக்கொள்ளட்டும். திருத்த வேண்டாம், எதிரில் இருப்பவரிடம் ஒரு கேள்வி கேட்டால் போதும். மலைப்பள்ளியில் சிக்னல் கிடைக்காது, அவளுக்கு யாரை ஜோடி சேர்ப்பது என்று காலையில் முடிவு செய்யணும்.