குரோமிட்டின் புருவம், நான்காம் முயற்சி

களிமண் பொம்மையைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி ஒவ்வொரு படமாக எடுக்கும் ஸ்டாப் மோஷனில், நான் செய்த குரோமிட் நாயின் 9 விநாடி ஷாட் ஒருவழியாகக் குதிக்காமல் ஓடிவிட்டது. விநாடிக்கு 12 வீதம் 108 படம். முதல் மூன்று முறையும் சொதப்பியது ஒரே இடத்தில்தான்: புருவம்.

பிரிட்டனின் களிமண் அனிமேஷன் ஸ்டுடியோவான ஆர்ட்மேனின் 2005 படமான ‘வாலஸ் அண்ட் குரோமிட்: த கர்ஸ் ஆஃப் த வேர்-ராபிட்’ எப்போது போட்டாலும் மனசை லேசாக்கிவிடும். அதற்குக் காரணம் ராட்சத முயல் இல்லை, வாயே இல்லாத அந்த நாய் குரோமிட்தான். பொத்திப் பொத்தி வளர்த்த மேரோ என்ற பூசணி வகைக் காயை, தன் எஜமான் வாலஸுக்காக இரையாக வைக்கத் துணியும் இடத்தில் வசனமே கிடையாது. களிமண் புருவம் கொஞ்சம் ஏறி இறங்குகிறது, அவ்வளவுதான். இவர்களைப் படைத்த நிக் பார்க் முதலில் குரோமிட்டைப் பேசவைக்கத்தான் நினைத்திருந்தார். புருவத்தை அசைத்துப் பார்த்தபின் அந்த எண்ணத்தையே விட்டுவிட்டார்.

என் குரோமிட்டின் தலைக்குள் 40 மி.மீ. அலுமினிய ஃபாயில் உருண்டை, மேலே 5 மி.மீ. பிளாஸ்டிசின், அதாவது காயாத எண்ணெய்க் களிமண். முழுக்க களிமண்ணாக வைத்தால் கழுத்துக் கம்பி தொங்கிவிடும். கண்ணுக்கு 8 மி.மீ. வெள்ளை மணி, துளைதான் கருவிழி, குண்டூசியால் திருப்பிக்கொள்ளலாம்.

இனி அந்தப் பாழாய்ப்போன புருவம். 25 மி.மீ. நீளம், 4 மி.மீ. கனத்தில் ஒரே திரி, இரண்டு கண்ணுக்கும் மேலாக. முதல் முறை விரலால் நகர்த்தியதில் ஒவ்வொரு தொடுதலுக்கும் கொஞ்சம் நசுங்கி, 40ஆவது படத்துக்குள் பாதிக் கனம் போய்விட்டது. ஓட்டிப் பார்த்தால் நாய் உருகுகிறது! அடுத்து 5 மாற்றுப் புருவங்கள். கழற்றி மாட்டும்போதெல்லாம் நெற்றியில் தடம் விழுந்து தோல் கொதிப்பதுபோல் தெரிந்தது. மூன்றாவதாகக் களிமண்ணைக் குளிர்சாதனப் பெட்டியில் இறுக்கிப் பார்த்ததில், வளைத்த இடத்திலெல்லாம் வெடிப்பு.

கடைசியில் கைகொடுத்தது பல் டாக்டர்கள் வைத்திருக்கும் மாதிரி தட்டை நுனிக் கருவி. மேலிருந்து அழுத்தவே கூடாது. அடியில் கொடுத்து நெம்ப வேண்டும், எதிர்ப்பக்கம் இன்னொரு கருவியால் அணை. நகர்த்தும் அளவு 0.5, 1, 1.5, 1, 0.5 மி.மீ. புருவத்தின் நடுப்பகுதி ஏறினால் சோகம், இறங்கினால் கோபம், ஒரு பக்கம் மட்டும் ஏறினால் சந்தேகம். ஏறியதும் 10 படத்துக்குக் கையைக் கட்டிக்கொண்டு சும்மா இருப்பதுதான் மகா கஷ்டம். உணர்ச்சி பதிவதே அந்த நிறுத்தத்தில்தான். இமைக்கு 3 படம் போதும்: பாதி, முழுசு, பாதி.

விளக்கு எல்இடியாக இருக்கட்டும், சூடான பல்பு களிமண்ணை இளக்கிவிடும். வெளிர் நிறத்தை முதலில் பிசைந்துவிட வேண்டும். சிவப்பைத் தொட்ட கையோடு வெள்ளையைத் தொட்டால் தொலைந்தது. ஈரத் துடைப்பான் ஒரு கட்டு பக்கத்திலேயே இருக்கட்டும்.

களிமண்ணுக்கு இன்னும் அல்லாட்டம்தான். ஆர்ட்மேன் பயன்படுத்திவந்த நியூபிளாஸ்ட் என்ற எண்ணெய்க் களிமண்ணைத் தயாரித்த ஆலை 2023இல் மூடப்பட்டது. ஸ்டேஷனரிக் கடைகளில் கிடைக்கும் நீர்க்களிமண் பக்கமே போகவேண்டாம், மறுநாள் காலையில் விரிசல் விட்டிருக்கும். எண்ணெய்க் களிமண்தான் கேட்டு வாங்க வேண்டும்.

அடுத்து, பேசும்போது மாற்றி மாற்றி மாட்ட வாலஸின் வாய்கள். மொத்தம் 8 வடிவம், ‘சீஸ்’ சொல்லும்போது காதுவரை விரியும் வாய் உட்பட 3 தயார். அதற்குள் குரோமிட்டின் வலது மணிக்கட்டில் 1.5 மி.மீ. கம்பி முறிந்துவிட்டது. இனி 1 மி.மீ. கம்பியை இரட்டையாக முறுக்கிப் போடவேண்டும்.