கெண்டைக்காலை உருட்டினால் கணுக்கால் மடங்குமா?

ஸ்குவாட்டில் கீழே போகும்போது கணுக்கால் போதிய அளவு மடங்காமல் குதிகால் தரையை விட்டு எழும்பினால், ஜிம்மில் சொல்லும் முதல் வைத்தியம் ஃபோம் ரோலர், அதாவது சதையை உருட்டிவிடும் உருளை. பலன் உண்டு. அது எவ்வளவு, எத்தனை நேரத்துக்கு என்பதில்தான் ஆளாளுக்கு அளந்துவிடுகிறார்கள்.

முதலில் கணுக்கால் எவ்வளவு மடங்குகிறது என்று அளந்து பாருங்கள். வெறுங்காலோடு சுவரைப் பார்த்து நின்று, பெருவிரல் நுனியைச் சுவரிலிருந்து 10 செ.மீ. தள்ளி வைத்து, குதிகாலை எழுப்பாமல் முட்டியால் சுவரைத் தொடுங்கள். எட்டவில்லை என்றால் ஒவ்வொரு செ.மீ.யாக முன்னே நகர்ந்து, தொடும் தூரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு காலையும் பாருங்கள். பழைய சுளுக்கு உள்ள கால் பெரும்பாலும் பின்தங்கும்.

எங்கே பிடிக்கிறது என்பது முக்கியம். பின்பக்கம் இழுத்தால் சதை, உருட்டலாம். கணுக்காலின் முன்மடிப்பில் நெரித்தால் தடை மூட்டிலேயே இருக்கக்கூடும். அங்கே கெண்டைக்காலை எத்தனை உருட்டினாலும் வீண்.

15 செ.மீ. விட்டமுள்ள, நடுத்தர அழுத்தமான ரோலர் போதும். முள்முள்ளாக இருப்பது விலையைத்தான் கூட்டும். காலை நீட்டி உட்கார்ந்து, குதிகால் நாணுக்கு மேலே சதை தொடங்கும் இடத்தில் ரோலரை வைத்து, கைகளை ஊன்றி இடுப்பைத் தூக்கி, முட்டியை நோக்கி உருட்டுங்கள். முட்டிக்குப் பின்னாலுள்ள குழிக்கு நாலு விரல் முன்னே நின்றுவிட வேண்டும். அங்கே நரம்பும் ரத்தக்குழாயும் மேலாகவே ஓடுகின்றன. போக 3 நொடி, வர 3 நொடி, ஒரு காலுக்கு 60 முதல் 90 நொடி. நோகும் இடத்தில் நிறுத்தி, பாதத்தை மேலும் கீழும் ஆட்டுங்கள். வலி பத்துக்கு ஆறைத் தாண்டக் கூடாது. பல்லைக் கடித்துக்கொண்டு செய்தால் சதை இறுகத்தான் செய்யும். மணிக்கட்டு வலித்தால் இடுப்பைத் தரையில் வைத்து, மறு காலை மேலே போட்டு அழுத்துங்கள்.

ஒரு கால் மட்டும் வீங்கி, சூடாக, தொட்டால் வலித்தால் ரோலர் பக்கமே போகாதீர்கள். ரத்தக்குழாய்க்குள் ரத்தம் உறைந்திருக்கலாம், அன்றைக்கே டாக்டரிடம் காட்டுங்கள். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்களும் கேட்டுவிட்டே தொடங்கட்டும்.

ரோலரால் ஃபேஷியாவின் (சதையைச் சுற்றியுள்ள உறையின்) முடிச்சுகள் உடைகின்றன என்பது விளம்பர வசனம். அந்த உறை நம் உடல் எடைக்கு நீளாத அளவு கெட்டி. மாறுவது பெரும்பாலும் நரம்பு மண்டலத்தின் சகிப்பு: இழுவையை இன்னும் கொஞ்சம் அனுமதிக்கிறது. ஒரு காலை உருட்டினால் உருட்டாத காலும் சற்று இளகுவதாக ஆய்வுகள் காட்டுவது இதனால் இருக்கலாம்.

அந்த அனுமதி சுமார் 10 முதல் 30 நிமிடத்தில் தேய்ந்துவிடும். எனவே எழுந்ததும் மறுபடி அளந்து, ஒரு செ.மீ. கூடியிருந்தாலும் உடனே பயன்படுத்துங்கள்: முட்டியை கால்விரல்களுக்கு முன்னே தள்ளி 10 தடவை, பிறகு எடை மாட்டாத காலி பாரோடு ஸ்குவாட். நீண்ட நேரம் பிடித்து நிற்கும் ஸ்ட்ரெச்சிங் உடனடி பலத்தைச் சற்றுக் குறைக்கலாம். ரோலரில் அந்தத் தொல்லை இல்லை.

நிலையான மாற்றத்துக்கு வாரக்கணக்கில் உழைக்க வேண்டும். படிக்கட்டு விளிம்பில் நின்று குதிகாலை முழுதாகக் கீழே இறக்கி மெதுவாக ஏற்றுவது, 12 வீதம் 3 செட், என் கணக்கில் ரோலரைவிட மேல். கணுக்காலின் முன்மடிப்பில் நெரிப்பு உள்ளவர்கள் குதிகாலுக்கடியில் 2.5 கிலோ பிளேட்டை வைத்து ஸ்குவாட் செய்யலாம்.