ஒகசாகி துண்டும் ஒரு சார்ட் பேப்பர் சுருளும்

போன ஞாயித்துக்கிழமை மதியம் சாப்பிட்டுட்டு கொஞ்சம் கண் அசரலாம்னு பாத்தா அக்கா பொண்ணு பயாலஜி புக்கோட வந்து நிக்கிறா. ப்ளஸ் டூ, நீட்டுக்கு வேற படிக்கிறா. "சித்தி, டிஎன்ஏ காப்பி ஆகுறப்ப ஒரு புது இழை நேரா போகுதாம், இன்னொன்னு துண்டு துண்டா வருதாம், ஏன்? ரெண்டும் நேரா போனா என்னவாம்?"

நான் மைக்ரோபயாலஜி முடிச்சு பதினஞ்சு வருஷம் ஆச்சு, எங்களுக்கு இத நோட்ஸா டிக்டேட் பண்ணாங்க, நேரா போறது லீடிங் ஸ்ட்ராண்ட், துண்டு துண்டா வர்றது லேகிங் ஸ்ட்ராண்ட், அஞ்சு மார்க், அவ்ளோதான், ஏன்னு யாரும் சொல்லல, நானும் கேக்கல.

பீரோ மேல கிடந்த பழைய சார்ட் பேப்பர் சுருள எடுத்தேன். நான் வலது பக்கமா விரிச்சுட்டே போறேன், நீ பின்னாடியே எழுதிட்டு வான்னேன். ஜாலியா எழுதிட்டு வந்தா, அதுதான் லீடிங். அப்புறம் இடது பக்கமா விரிச்சேன். தமிழ இடமிருந்து வலமாத்தானே எழுத முடியும்? ஒரு ஜாண் விரிஞ்சதும் அந்த ஓரத்துல ஆரம்பிச்சு வலது பக்கமா எழுதுறா, அதுக்குள்ள நான் இன்னொரு ஜாண் விரிச்சுட்டேன், திரும்ப ஓடி வந்து புது ஓரத்துல ஆரம்பிச்சு பழைய எழுத்துல போய் முட்டுற வரைக்கும் எழுதணும். "சித்தி இது டார்ச்சர்!" ஆமாடி, டிஎன்ஏவ காப்பி எழுதுற என்சைம் டிஎன்ஏ பாலிமரேஸுக்கும் அதே டார்ச்சர்தான், புது இழையோட ஒரே ஒரு முனையில, 3 பிரைம் முனைன்னு பேரு, அங்க மட்டும்தான் அதுக்கு எழுத்து, அதாவது நியூக்ளியோடைடு, சேக்க வரும், ஆனா பழைய இழை ரெண்டும் எதிரெதிரா ஓடுது. ஒவ்வொரு துண்டுக்கும் முதல்ல எழுத ஆரம்பிக்கிறதுக்கு ஒரு குட்டி ஆர்என்ஏ துண்டு, ப்ரைமர்னு பேரு, வேணும், அப்புறம் அத எடுத்துட்டு அந்த இடத்த டிஎன்ஏவால நிரப்பி, பூ கட்டுறப்ப நார் தீந்தா முடிச்சு போட்டு சேக்குறோம்ல, அந்த மாதிரி லைகேஸ்ங்கிற என்சைம் வந்து துண்டுகள ஒட்டும்.

சரி, ரெண்டு திசையிலயும் எழுதுற பாலிமரேஸ் ஏன் இல்ல? எனக்கு ரொம்ப பிடிச்ச இடம் இதுதான். உள்ள வர்ற ஒவ்வொரு எழுத்தும் மூணு பாஸ்பேட்டோட, அதாவது இழையில ஒட்டிக்கத் தேவையான சக்திய ஒரு டிக்கெட் மாதிரி தானே கையில வச்சுக்கிட்டு வருது. தப்பு எழுத்து சேந்துட்டா அழிச்சுட்டு அடுத்தத போடலாம், அது டிக்கெட்டோட வரும். தலைகீழா எழுதுனா டிக்கெட் இழையோட முனையில இருக்கும், தப்ப அழிக்கிறப்ப அதுவும் சேந்து போயிடும், வேலை அப்படியே நின்னுடும். திருத்துற வசதி வேணும்னாதான் இந்த ஓடி ஓடி எழுதுற கஷ்டம்.

இந்த துண்டுகளுக்கு ஒகசாகி துண்டுன்னு பேரு, கண்டுபிடிச்சது ஜப்பான்ல, நகோயா யுனிவர்சிட்டில. ரெய்ஜி ஒகசாகி, சுனெகோ ஒகசாகி, புருஷன் பொண்டாட்டி. ஈ.கோலை பாக்டீரியாவுக்கு கதிரியக்க தைமிடின (டிஎன்ஏக்குள்ள போய் சேர்ற பொருள், கதிரியக்கம் இருக்கிறதால எங்க போகுதுன்னு கண்டுபிடிச்சுடலாம்) சில விநாடி மட்டும் கொடுத்து அந்த நேரத்துல புதுசா என்ன எழுதுச்சுன்னு பாத்தா, எல்லாம் ஆயிரம் ரெண்டாயிரம் எழுத்து நீள குட்டி துண்டு, கூட கொஞ்ச நேரம் விட்டா அதெல்லாம் நீள இழையில சேந்துடுது. 1968ல பேப்பர் வந்துச்சு. ரெய்ஜி ஹிரோஷிமாக்காரர், குண்டு விழுந்தப்ப வயசு 14, 1975ல ரத்தப் புற்றுநோய்ல போயிட்டார், 44 வயசுதான். அதுக்கப்புறம் சுனெகோ லேப்ப விடாம நடத்துனாங்க.

புக்குல வெறும் ஒகசாகின்னு ஒரே பேர்தான் இருக்கு. அவ பென்சில் எடுத்து பக்கத்துல "2 பேர்"னு குறிச்சுட்டு எந்திரிச்சு போனா, சார்ட்ட சுருட்டி வைக்கிற வேலை எனக்கு.