இரண்டாம் இழுப்பறை

ஆகஸ்ட் 26

நோயாளி பாதுகாப்பு பற்றிப் பணியாளர்களிடம் கேட்கும் கருத்தாய்வுப் படிவங்கள் இன்று வார்டுக்கு வந்தன. 2004ஆம் ஆண்டு அமெரிக்க அரசின் சுகாதார ஆய்வு மற்றும் தர முகமை வெளியிட்டு, பிறகு பல நாடுகளில் மொழிபெயர்க்கப்பட்ட அதே 42 கூற்றுகள்தாம். பெயர் எழுத வேண்டியதில்லை என்று மேலே தடித்த எழுத்தில் அச்சிட்டிருக்கிறார்கள். ஆனால் எந்த வார்டு, என்ன பதவி, இந்த மருத்துவமனையில் எத்தனை ஆண்டுகள், இந்த வார்டில் எத்தனை ஆண்டுகள் என்று உள்ளே கேட்கிறார்கள். எங்களைப் போன்ற சிறிய வார்டில் இந்த விடைகளைச் சேர்த்துப் பார்த்தால், எழுதியவர் யார் என்று கண்டுபிடிக்க ஒரு நிமிடம் போதும். நிரப்பிய படிவங்களைப் போடுவதற்கான பெட்டியையும், வேறு இடமே இல்லாததுபோல், பொறுப்புச் செவிலியரின் மேசைமீதே வைத்திருக்கிறார்கள்.

ஆகஸ்ட் 27

மருந்து வண்டியின் இரண்டாம் இழுப்பறையில் தூய நீர், பொட்டாசியம் குளோரைடு இரண்டின் ஆம்பூல்களும் (உடைத்துப் பயன்படுத்தும் சிறு மருந்துக் குப்பிகள்) மீண்டும் ஒரே தட்டில் கிடந்தன; பிரித்து வைத்தேன்.

ஆகஸ்ட் 29

எங்கள் வார்டின் இளைய செவிலி நிகழ்வறிக்கை எழுதிவிட்டாள்.

நடந்தது இதுதான். ஆன்டிபயாடிக் பொடியைக் கரைப்பதற்கு ஊசிக்கான தூய நீரை எடுக்க வேண்டிய இடத்தில், அதே அளவும் அதே நிறமும் கொண்ட பொட்டாசியம் குளோரைடு ஆம்பூலை எடுத்திருக்கிறாள். உடைப்பதற்கு முன் பெயரை இன்னொரு முறை வாய்விட்டுப் படித்ததால் தெரிந்துகொண்டாள். நோயாளிக்கு எதுவும் ஆகவில்லை, மருந்து வண்டியை விட்டு அது நகரவே இல்லை. அப்படியே திரும்ப வைத்துவிட்டு அவள் பேசாமல் இருந்திருந்தால், இந்த உலகில் ஒருவருக்கும் தெரிந்திருக்காது. கலக்காத பொட்டாசியம் நேராக இரத்தநாளத்துக்குள் போனால் இதயம் நின்றுவிடும் என்பதைப் பயிற்சிக் காலத்திலேயே எல்லோரும் படித்திருக்கிறோம். அமெரிக்காவில் மருத்துவமனைகளுக்குத் தரச்சான்று வழங்கும் கூட்டு ஆணையம் 1998இல் தன் எச்சரிக்கை வெளியீட்டைத் தொடங்கியபோது, முதல் இதழின் பொருளே இந்த மருந்துதான். செறிவு மிக்க ஆம்பூல்களை வார்டுகளில் வைக்காதீர்கள் என்பதே அதன் சாரம். எங்கள் இரண்டாம் இழுப்பறைக்கு அந்தச் செய்தி இன்னும் வந்து சேரவில்லை.

யாரும் அவளை எழுதச் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் தடுக்கவில்லை. இரவுப் பணியை ஒப்படைத்துவிட்டு, உடை மாற்றாமலேயே உட்கார்ந்து, இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனாள்.

ஆகஸ்ட் 30

உடை மாற்றும் அறையில் இன்று வேறு பேச்சே இல்லை. ஓய்வு பெற அதிக காலம் இல்லாத மூத்த செவிலியர், நடக்காத ஒன்றுக்கு எதற்கு எழுத்துமூலம் சாட்சி கொடுக்க வேண்டும் என்றார். வேறு மருத்துவமனையிலிருந்து வந்தவர், அங்கே மாதந்தோறும் அதிக அறிக்கைகள் எழுதும் வார்டைப் பாராட்டுவார்கள் என்று சொன்னபோது ஒருவரும் நம்பவில்லை. இன்னொருவர், இங்கே அறிக்கை என்பது ஒருவரை ஒருவர் மாட்டிவிடும் கருவி, அறுவை அரங்கிலிருந்து நோயாளியைத் தாமதமாக அனுப்பினால் உங்கள்மேல் எழுதுவேன் என்று மிரட்டுவதற்குத்தான் அது பயன்படுகிறது என்றார். அதிலும் உண்மை இருக்கிறது. நிகழ்வறிக்கைப் படிவத்தை மருத்துவர் ஒருவர் நிரப்பியதை நான் பார்த்ததே இல்லை என்பதையும் அதோடு சேர்த்துச் சொல்ல வேண்டும். எழுதுவதும் நாங்கள், எழுதப்படுவதும் பெரும்பாலும் நாங்கள்.

கருத்தாய்வுப் பெட்டி இன்னும் காலியாகத்தான் இருக்கிறது. அவளுக்கு என்ன நடக்கிறது என்று பார்த்துவிட்டு நிரப்பலாம் எனக் காத்திருக்கிறார்கள் என்றே தோன்றுகிறது. நானும் நிரப்பவில்லை.

செப்டம்பர் 1

இரவுப் பணி. விடியும்வரை ஓயாத வேலை, எழுத எதுவும் இல்லை.

செப்டம்பர் 2

அமெரிக்க ஆய்வாளர் ஏமி எட்மண்ட்சன் 1990களில் இரண்டு மருத்துவமனைகளின் எட்டுச் செவிலியர் பிரிவுகளை ஆராய்ந்தபோது, ஒற்றுமையாக நன்கு இயங்கும் பிரிவுகளில் மருந்துப் பிழைகள் குறைவாக இருக்கும் என்றுதான் எதிர்பார்த்தார். கிடைத்ததோ தலைகீழான முடிவு. நல்ல பிரிவுகளில் பதிவான பிழைகளே அதிகம். அங்கிருந்தவர்கள் கூடுதலாகத் தவறு செய்தார்கள் என்பது அதன் பொருளன்று, செய்ததை அச்சமின்றிச் சொன்னார்கள் என்பதே விளக்கமாக அமைந்தது. கட்டுரை 1996இல் வெளிவந்தது. எங்கள் கண்காணிப்பாளரின் அறைச் சுவரில் இன்றும் மாதவாரி நிகழ்வு எண்ணிக்கை வரைபடம் தொங்குகிறது. கோடு கீழே இறங்கினால் பச்சை, மேலே ஏறினால் சிவப்பு. அந்த வரைபடத்தைப் பார்க்கும் எந்த வார்டுப் பொறுப்பாளருக்கும் தன் பெயருக்கு நேரே சிவப்பு வருவதில் விருப்பம் இருக்குமா? எந்த இடத்தில் ஒன்றுமே நடக்கவில்லை என்று தாள் சொல்கிறதோ, அந்த இடத்தில் படுக்க எனக்குப் பயம்.

செப்டம்பர் 3

மெமோ வந்துவிட்டது. அலட்சியமாக நடந்துகொண்டதற்கு ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாது என்று 7 நாள்களுக்குள் எழுத்துமூலம் விளக்கம் தர வேண்டுமாம். அவள் தந்த இரண்டு பக்கங்களிலிருந்தே வாக்கியங்களை எடுத்து, அவளுக்கு எதிராக அடுக்கியிருக்கிறார்கள். உருவத்தில் ஒத்த இரண்டு மருந்துகள் ஒரே தட்டில் இருந்தன என்று அவள் எழுதிய வரியை மட்டும் எங்கேயும் காணவில்லை.

"அக்கா, நான் எழுதாமல் இருந்திருக்கலாமோ?" என்று கேட்டாள். இல்லை என்று உடனே சொன்னேன். சொன்ன வேகம் எனக்கே பிடிக்கவில்லை.

செப்டம்பர் 4

பெட்டி நிறையத் தொடங்கிவிட்டது.

செப்டம்பர் 6

தூக்கம் வரவில்லை. அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் ஒரு செவிலியர்மீது நடந்த வழக்கு நினைவிலிருந்து அகல மறுக்கிறது. 2017 டிசம்பரில், ஸ்கேன் எடுக்கக் காத்திருந்த நோயாளிக்குப் பதற்றம் தணிக்கும் மருந்துக்குப் பதிலாகத் தசைகளைச் செயலிழக்கச் செய்யும் மருந்து தானியங்கி அலமாரியிலிருந்து எடுத்துச் செலுத்தப்பட்டது, நோயாளி இறந்தார். தவறு வெளிப்பட்டதுமே அந்தச் செவிலியர் அதை ஒப்புக்கொண்டார். 2022 மார்ச்சில் நீதிமன்றம் அவரைக் குற்றவாளி என்றது. மே மாதத்தில் 3 ஆண்டு நன்னடத்தைக் கண்காணிப்பு தண்டனையாக விதிக்கப்பட்டது. அவர் பல எச்சரிக்கைகளைக் கடந்து சென்றார் என்பது உண்மை, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் தீர்ப்புச் செய்தி வந்த நாளில் உலகின் எத்தனையோ வார்டுகளில் செவிலியர்கள் தமக்குள் கேட்டுக்கொண்ட கேள்வி அவருடைய கவனத்தைப் பற்றியதாக இருக்கவில்லை. இனி நாம் வாய் திறக்கலாமா என்பதாகவே இருந்தது. நீதிமன்றத்துக்கும் மெமோவுக்கும் மலைக்கும் மடுவுக்குமான வேறுபாடு உண்டு என்று எனக்குத் தெரியும். கற்றுத் தருகிற பாடம் மட்டும் ஒன்றாக இருக்கிறது.

செப்டம்பர் 7

கடந்த 12 மாதங்களில் எத்தனை நிகழ்வறிக்கைகள் எழுதிக் கொடுத்தீர்கள் என்ற கேள்வியில் என் பேனா நின்றுவிட்டது. எதுவுமில்லை என்பதிலிருந்து 21 அல்லது அதற்கு மேல் என்பதுவரை கட்டங்கள் இருக்கின்றன. எழுத வேண்டியவை எத்தனை இருந்தன என்று கேட்கும் கட்டம் இல்லை.

செப்டம்பர் 9

விளக்கக் கடிதத்துக்கு உதவி கேட்டு அவள் வந்தாள். மன்னிப்புக் கடிதமாக எழுதி, இனி கவனமாக இருப்பேன் என்று முடித்திருந்தாள். கவனமாக இருந்ததால்தானே படித்துப் பார்த்துக் கண்டுபிடித்தாய் என்றேன். பிறகு அந்த இரவை நேரவாரியாக எழுதச் சொன்னேன். மருந்து தயாரிக்கத் தொடங்கியபோது தொலைபேசி ஒலித்தது. இரத்த வங்கியிலிருந்து அழைப்பு. திரும்பி வந்தபோது ஒரு நோயாளியின் உறவினர் வண்டியருகே நின்று பரிசோதனை அறிக்கை பற்றிக் கேட்டார். அதன் பிறகு மருந்து செலுத்தும் ஒரு பம்ப் அலறியது. சிட்னியில் இரண்டு மருத்துவமனைகளில் செவிலியர்களைக் கூடவே இருந்து கவனித்து, 2010இல் வெளியிட்ட ஆய்வில், மருந்து கொடுக்கும்போது நேரும் ஒவ்வொரு இடையூறுக்கும் நடைமுறைத் தவறுகள் சுமார் 12 விழுக்காடும், மருந்துப் பிழைகள் சுமார் 13 விழுக்காடும் கூடியதாகக் கண்டார்கள். அவளுக்கு ஓர் ஆம்பூலுக்குள் மூன்று இடையூறுகள்.

அன்றிரவு இருவர் இருக்க வேண்டிய இடத்தில் அவள் தனியாக இருந்தாள் என்பதையும் எழுதச் சொன்னேன்; தயங்கினாள். ஆள் பற்றாக்குறையைச் சொன்னால் சாக்குச் சொல்வதாக எடுத்துக்கொள்வார்களாம். செவிலியர் பணியை ஆராயும் லிண்டா ஐக்கன் குழுவினர் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் 168 மருத்துவமனைகளின் தரவுகளை வைத்து, ஒரு செவிலியரின் பொறுப்பில் ஒரு நோயாளி கூடினாலே, அறுவைச் சிகிச்சை பெற்றவர் 30 நாள்களுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 விழுக்காடு கூடுகிறது என்று 2002இல் எழுதினார்கள். அதைச் சாக்கு என்று எவரும் சொன்னதாக நான் கேள்விப்படவில்லை. ஆனால் வார்டில் நிற்பவள் அதையே தன் வாயால் சொன்னால் மட்டும் பொருள் மாறிவிடுகிறது.

கடைசியில் அந்த வரியையும் சேர்த்தாள். இருமுறை அடித்துவிட்டு, மூன்றாம் முறை சேர்த்தாள்.

செப்டம்பர் 10

இழுப்பறையில் இரண்டும் மறுபடி ஒரே தட்டில். காலையில் மருந்தகத்திலிருந்து நிரப்ப வருபவர் காலியாக இருக்கும் தட்டில் கொட்டிவிட்டுப் போகிறார். அவரிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியவர்கள் மெமோ தட்டச்சு செய்துகொண்டிருந்தார்கள்.

இப்படி எழுதியது நியாயமில்லை. இருக்கட்டும், அழிக்கப் போவதில்லை.

செப்டம்பர் 13

விசாரணை நடந்தது. நானும் வார்டின் சார்பில் அழைக்கப்பட்டிருந்தேன். முதல் அரை மணி நேரம் நான் அஞ்சியபடியே சென்றது: மருந்தின் பெயரை எத்தனை முறை படிக்க வேண்டும், சரியான நோயாளி, சரியான மருந்து, சரியான அளவு என்று வரிசையாகச் சொல் பார்க்கலாம் என்று முதலாமாண்டு மாணவியைப் போல் அவளைக் கேட்டார்கள். அவளும் தவறில்லாமல் சொன்னாள். எல்லாம் தெரிந்திருந்தும் ஏன் என்று ஒருவர் கேட்டபோது அறை அமைதியாகிவிட்டது.

அப்போதுதான் அதுவரை பேசாமலிருந்த மருந்தாளுநர், அந்த இழுப்பறையை நான் பார்க்க முடியுமா என்றார். குழு எழுந்து வார்டுக்கு வந்தது. இரண்டு ஆம்பூல்களையும் உள்ளங்கையில் வைத்துக் காட்டினேன். கண்ணாடி அணியாத மருத்துவக் கண்காணிப்பாளரால் எது எது என்று சொல்ல முடியவில்லை. எவரும் சிரிக்கவில்லை. மாலைக்குள் பொட்டாசியம் முழுவதும் வார்டிலிருந்து மருந்தகத்துக்குத் திரும்பியது. இனி கலந்து தயாரித்த பைகளாக மட்டுமே வரும், அவசரமானால் தீவிர சிகிச்சைப் பிரிவிலிருந்து இருவர் கையெழுத்திட்டுப் பெற வேண்டும்.

இன்று நன்றாகத் தூங்குவேன் என்று நினைக்கிறேன்.

செப்டம்பர் 14

இரவில் பொட்டாசியம் வந்து சேரத் தாமதமாகிறது என்று பணி மருத்துவர் கோபப்பட்டார். அவர் கோபத்திலும் நியாயம் உண்டு. அளவு மிகவும் குறைந்த நோயாளிக்குக் காத்திருப்பதும் ஆபத்துதான். மருந்தகம் இரவிலும் திறந்திருக்காவிட்டால் இந்த மாற்றம் ஒரு மாதம் தாங்காது. எவராவது சத்தமில்லாமல் நான்கு ஆம்பூல்களை எடுத்து வந்து எங்காவது ஒளித்து வைப்பார்கள், அது இழுப்பறையில் கிடந்ததைவிட மோசம்.

செப்டம்பர் 15

மெமோவைத் திரும்பப் பெறவில்லை. எச்சரிக்கையோடு முடித்துவைக்கப்பட்டதாகக் கடிதம் வந்திருக்கிறது, அது அவளுடைய பணிக்கோப்பில் சேரும். அவள் எழுதியதால் இழுப்பறை மாறியது. அவள் எழுதியதால் கோப்பும் மாறியது. இரண்டு உத்தரவிலும் கையெழுத்து ஒருவருடையதே.

செப்டம்பர் 17

உலக நோயாளி பாதுகாப்பு நாள். 2019இல் உலக சுகாதார மன்றம் முடிவெடுத்ததிலிருந்து ஒவ்வோர் ஆண்டும் இதே தேதி. முகப்புக் கட்டடத்துக்கு ஆரஞ்சு நிற விளக்குப் போட்டிருந்தார்கள், உறுதிமொழி வாசித்தோம். அமெரிக்க மருத்துவமனைகளில் தவிர்த்திருக்கக்கூடிய பிழைகளால் ஆண்டுக்கு 44,000 முதல் 98,000 பேர்வரை இறப்பதாக 1999இல் வெளியான அறிக்கையை மேற்கோள் காட்டி ஒருவர் நன்றாகவே பேசினார். அந்த அறிக்கையின் மையக் கருத்து, குறை பெரும்பாலும் ஆள்களிடம் இல்லை, அமைப்பில் இருக்கிறது என்பது. அவர் எண்களைச் சொன்னார், அதைச் சொல்லவில்லை.

பொட்டாசியம் அகற்றப்பட்டதை இவ்வாண்டின் சாதனையாகத் திரையில் காட்டினார்கள். நான் கூட்டத்தில் அவளைத் தேடினேன். அவளுக்கு அந்த நேரத்தில் பணி.

செப்டம்பர் 20

கருத்தாய்வின் முதற்கட்ட முடிவுகளைப் பொறுப்புச் செவிலியர்களிடம் காட்டியிருக்கிறார்கள். எங்கள் பிரிவுக்குள் ஒருவருக்கொருவர் துணை நிற்கிறோம் என்ற பகுதிக்கு மிக உயர்ந்த மதிப்பெண். தவறுக்குத் தண்டனை இல்லாத அணுகுமுறை என்ற பகுதிக்கு மிகத் தாழ்ந்தது. பல நாடுகளின் ஆய்வுகளிலும் இதே உச்சமும் இதே பள்ளமும் திரும்பத் திரும்ப வந்திருப்பதால், எங்களுக்கு மட்டும் ஏதோ கெட்டுவிட்டது என்று சொல்ல மாட்டேன். நிர்வாகத்தில் இருப்பவர்களின் விடைகள் எங்களுடையவற்றைவிட நம்பிக்கை மிகுந்து இருந்தனவாம்; அதுவும் பல இடங்களில் கண்டதுதான். பணியாளர்களுக்கு விழிப்புணர்வுப் பயிற்சி தேவை என்று குறிப்பு எழுதியிருக்கிறார்கள்.

பயிற்சி எங்களுக்காம்.

செப்டம்பர் 23

இம்மாதம் எங்கள் வார்டிலிருந்து ஓர் அறிக்கையும் போகவில்லை. வரைபடத்தில் பச்சை.

செப்டம்பர் 24

இன்று அந்த மூத்த செவிலியர், நடக்காததற்கு எதற்குச் சாட்சி என்று அன்று கேட்டவரே, என்னைத் தனியே அழைத்து இரத்த மாதிரிக் குழாய் ஒன்றைக் காட்டினார். ஒட்டியிருந்த பெயர் ஒரு நோயாளியுடையது, உள்ளே இருந்த இரத்தம் பக்கத்துப் படுக்கைக்காரருடையது; இரத்தம் ஏற்றுவதற்கு வகை பார்க்கப் போக வேண்டிய குழாய். ஆய்வகத்துக்குப் போகும் முன் அவரே பிடித்துவிட்டார். எழுதலாமா என்று கேட்டார். எழுதலாம் என்றேன். நீயும் கையெழுத்துப் போடுவாயா என்றார். போடுகிறேன் என்றேன். இருவரும் நிகழ்வறிக்கைப் படிவத்தைத் தேடினோம். வார்டில் ஒன்றுகூட இல்லை, கடைசிப் படிவத்தை அவள்தான் பயன்படுத்தியிருக்கிறாள். புதிய கட்டுக்கு இண்டென்ட் (கோரிக்கைச் சீட்டு) எழுதிக் கொடுத்திருக்கிறேன்.