ஃப்யூஸைப் பிடுங்கினால் மட்டும் போதாது: பழைய காரில் பெட்ரோல் லைன் கழற்றும் வேலை

எடுத்துக்கொண்ட வேலை: பெட்ரோல் ஃபில்டரையும் அதோடு சேர்ந்த ரப்பர் ஹோஸையும் மாற்றுவது. வண்டி 1990களின், பெட்ரோலை அழுத்தத்தோடு இன்ஜினுக்குள் பீய்ச்சும் இன்ஜெக்‌ஷன் வகை. பம்ப் டேங்குக்குள் இருக்கிறது, ஃபில்டர் பானெட்டுக்குள். டேங்கிலிருந்து வரும் பக்கம் கிளாம்ப் போட்ட ஹோஸ், இன்ஜின் பக்கம் பேஞ்சோ போல்ட், அதாவது பெட்ரோல் உள்ளே ஓடும்படி துளையிட்ட போல்ட்.

இந்த வகை லைனில் சுமார் 3 பார், அதாவது 43 பிஎஸ்ஐ அழுத்தம் இருக்கும். கார் டயரில் அடிக்கும் காற்றைவிட அதிகம். இன்ஜினை நிறுத்தினாலும் அது உடனே இறங்காது. அடுத்த முறை சட்டென்று ஸ்டார்ட் ஆக வேண்டும் என்பதற்காகவே பம்பில் ஒரு செக் வால்வ் (ஒருவழி அடைப்பு) வைத்து அழுத்தத்தைப் பிடித்து வைத்திருக்கிறார்கள். வால்வ் நன்றாக இருந்தால் மணிக்கணக்கில் நிற்கும். அதனால் 'ராத்திரி முழுக்க நின்ற வண்டிதானே' என்று ஸ்பேனரை வைத்தால் பெட்ரோல் முகத்தில்தான் பீய்ச்சும்.

இன்ஜின் நன்றாக ஆறிய பிறகுதான் ஆரம்பம். முதலில் டேங்க் மூடியைத் திறந்து, உள்ளே தேங்கிய ஆவி அழுத்தத்தை வெளியே விட்டாயிற்று. அடுத்து பம்ப் ஃப்யூஸைப் பிடுங்கி இன்ஜினை ஸ்டார்ட் செய்ய வேண்டும். சில நொடிகள் ஓடி, திணறி, தானாக நின்றுவிடும். நிற்காமல் ஓடிக்கொண்டே இருந்தால் பிடுங்கியது வேறு ஃப்யூஸ். அடியோடு ஸ்டார்டே ஆகவில்லை என்றால் அந்த ஃப்யூஸ் இசியு என்ற இன்ஜின் கம்ப்யூட்டருக்கும் சேர்த்துக் கரண்ட் கொடுக்கிறது என்று சந்தேகப்படலாம். அப்போது ஃப்யூஸைத் திரும்பப் போட்டுவிட்டு, பம்ப் ரிலேயையோ பின் சீட்டுக்கு அடியிலுள்ள பம்ப் கனெக்டரையோ கழற்றுவது சரி. இன்ஜின் நின்ற பிறகு இரண்டு மூன்று முறை, ஒவ்வொன்றும் நாலைந்து நொடி செல்ஃப் அடித்தால் மிச்ச அழுத்தமும் இறங்கும். அதன் பிறகு சாவியை ஆஃப் செய்து, பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றி ஒதுக்கிக் கட்ட வேண்டும். இந்த வரிசையை மாற்றக் கூடாது. டெர்மினலில் வரும் சின்னப் பொறி, பெட்ரோல் வெளியே வருவதற்கு முன்பே வந்து போய்விட வேண்டும்.

பலரும் இத்தோடு வேலை முடிந்ததாக நினைக்கிறார்கள். அழுத்தம்தான் போயிருக்கிறது, லைன் முழுக்கப் பெட்ரோல் அப்படியே நிற்கிறது. டேங்கின் பெட்ரோல் மட்டம் கழற்றும் இடத்தைவிட உயரமாக இருந்தால், பம்ப் ஓடாமலேயே சைஃபன் பிடித்து ஒழுகிக்கொண்டே இருக்கும். வண்டிக்கு அடியில் ஃபில்டர் இருக்கும் மாடல்களில் இது நடக்க வாய்ப்பு அதிகம். ஆகவே டேங்க் கால் பங்குக்குக் கீழே இருக்கும்போது இந்த வேலையை வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம். ஹோஸ் வாயை அடைக்க ஒரு போல்ட்டையும் முன்கூட்டியே எடுத்து வைக்க வேண்டும். 8 மி.மீ. ஹோஸுக்கு 8 மி.மீ. போல்ட், மரை இல்லாத வழவழப்பான தண்டுப் பகுதி உள்ளே போகும்படி. மரை ரப்பரின் உட்புறத்தைச் சுரண்டும், அந்தத் துகள் நேரே இன்ஜெக்டருக்குப் போகும். பிளையரால் ஹோஸை நெரித்து அடைப்பது, தூக்கிப் போடப்போகிற ஹோஸில் மட்டும்தான். பழைய ரப்பர் வெளியே முழுசாகத் தெரிந்தாலும் உள்ளே விண்டுவிடும்.

இடமும் முக்கியம். மைனஸ் 40 டிகிரி செல்சியஸிலும் பெட்ரோல் பற்றிக்கொள்ளும் அளவுக்கு ஆவி விடும். அந்த ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனம், தரையோடு தரையாகத் தவழ்ந்து தூரத்து அடுப்பு, ஹீட்டர், ஃப்ரிட்ஜ் ரிலே வரை போகும். திறந்தவெளி வேண்டும், பள்ளத்துக்குள் கூடாது. குண்டு பல்பு விளக்கு வேண்டவே வேண்டாம், ஒரு சொட்டு பெட்ரோல் பட்டாலே சூடான கண்ணாடி உடையும். எல்இடி டார்ச்சையும் கழற்றும் முன்பே போட்டுவிட வேண்டும். நைட்ரைல் கையுறை, கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி, கைக்கு எட்டும் இடத்தில் பவுடர் வகைத் தீயணைப்பான் மூன்றும் இருந்தன. சாதாரண லேடெக்ஸ் கையுறை பெட்ரோலில் சீக்கிரமே உப்பிக் கிழியும்.

பேஞ்சோ பக்கம் முதலில். ஃபில்டரின் அறுகோணப் பகுதியை ஒரு ஸ்பேனரால் பிடித்துக்கொண்டு, போல்ட்டை ரிங் ஸ்பேனரால் திருப்ப வேண்டும். ஒற்றை ஸ்பேனரில் முயன்றால் ஃபில்டரும் சேர்ந்து சுற்றி, இரும்பு லைன் முறுக்கிக்கொள்ளும். போல்ட்டைச் சுற்றித் துணியைச் சுற்றிவிட்டுக் கால் சுற்று மட்டும். மெல்லிய 'ஸ்ஸ்' சத்தம் வந்து துணி ஒரு பக்கம் நனையும். அது அடங்கும் வரை கை அசையக் கூடாது. அடங்கிய பிறகு முழுதாகக் கழற்றினால் ஃபில்டரில் நின்றது மட்டும் தட்டில் வடியும். தட்டு உலோகமாக, தரையில் வைத்ததாக இருக்கட்டும்.

ஹோஸ் பக்கம்தான் பொறுமையைச் சோதிக்கும். வருடக்கணக்கில் சூட்டில் கிடந்த ரப்பர் குழாயோடு ஒட்டிப்போயிருக்கும். நேராக இழுத்தால் வராது. வந்தாலும் கை போய் எதிலாவது இடிக்கும். கிளாம்பைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு, இடமும் வலமும் முறுக்கி ஒட்டு விட்ட பிறகுதான் இழுக்க வேண்டும். அசையவே இல்லை என்றால் பிளேடால் நீளவாக்கில் கீறி உரித்துவிடலாம். பிளேடு உலோகத்தில் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், ஹோஸ் ஏறும் குழாய் முனையில் (நிப்பிள்) ஒரு கோடு விழுந்தாலும் புது ஹோஸ் அங்கேதான் கசியும்.

கார்புரேட்டர் வண்டியில் ஃப்யூஸ் வேலை பெரும்பாலும் இல்லை. மெக்கானிக்கல் பம்ப் கொடுப்பது அரை பாருக்கும் கீழேதான். ஆனால் சைஃபனும் ஆவியும் அங்கேயும் அதேதான்.

புது ஹோஸ் வாங்கும்போது மேலே அச்சிட்டிருப்பதைப் படிக்க வேண்டும். எஸ்ஏஇ 30ஆர்7 என்ற தரக் குறியீடு கார்புரேட்டருக்கானது, 50 பிஎஸ்ஐ தாங்கும். இன்ஜெக்‌ஷனுக்கு 30ஆர்9, 100 பிஎஸ்ஐ. விலை குறைவு என்று ஆர்7ஐ இன்ஜெக்‌ஷன் லைனில் போடுவது வினையை விலைக்கு வாங்குவது. வேக்கம் ஹோஸைப் பற்றிப் பேசவே வேண்டாம். குழாயின் மேல் 25 மி.மீ. அளவுக்கு ஏற்றி, குழாய் முனையின் புடைப்பைத் தாண்டிய இடத்தில் கிளாம்ப் உட்கார வேண்டும். பட்டையில் துளை வெட்டிய கிளாம்ப் ரப்பரைக் கடித்துவிடும்; ஓரம் மடித்த இன்ஜெக்‌ஷன் கிளாம்ப்தான் சரி. பேஞ்சோவின் இரு பக்கச் செம்பு வாஷர்களும் புதிது. ஒருமுறை நசுங்கி இறுகிய செம்பு மறுமுறை சரியாகப் பொருந்தாது. ஃபில்டரின் அம்புக்குறி இன்ஜினை நோக்கி.

சிந்தியதைத் துடைத்து, வாசனை முழுக்கப் போன பிறகே ஃப்யூஸைப் போட்டு பேட்டரியை மாட்டியது. நனைந்த துணியை மூடிய குப்பைத் தொட்டியில் போடாமல், வெளியே விரித்துக் காயப்போட வேண்டும். பிறகு டேங்க் மூடியை இறுக்கி, ஸ்டார்ட் செய்யாமல் சாவியை ஆன் செய்து, இரண்டு நொடி விட்டு ஆஃப். நாலைந்து முறை இப்படிச் செய்தால் காலியான லைனில் பெட்ரோல் நிரம்பும். ஒவ்வொரு முறையும் காய்ந்த டிஷ்யூவால் இணைப்புகளின் அடிப்பக்கத்தை ஒற்றிப் பார்க்கலாம். கண்ணுக்குத் தெரியாத ஈரம் காகிதத்தில் தெரியும். இன்ஜின் சூடேறி நின்ற பிறகு இன்னொரு முறை. புது ரப்பர் கொஞ்சம் அமுங்கும் என்பதால் 100 கி.மீ. ஓட்டிவிட்டு, இன்ஜின் ஆறிய பிறகு கிளாம்ப் ஸ்க்ரூவைத் தொட்டுப் பார்க்க வேண்டும். தளர்ந்திருந்தால் கால் சுற்று போதும்.